‘ஆகட்டுங்க’வுக்கு ஒரு பட்டன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, உத்வேகம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று எச்.ஆர். பெண் போன் செய்தாள். கடைசியில் ‘கற்க வேண்டிய ஐந்து பாடங்கள்’ என்று எண் போட்டு வரிசையாகக் கொடுக்க வேண்டுமாம். வேலையில் இருந்த முப்பது வருடத்தில் என்னிடம் ஒருவரும் பாடம் கேட்டதில்லை. ‘எப்ப முடியும்?’ என்று மட்டும்தான் கேட்டார்கள். ஓய்வு பெற்று, துடியலூர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த மூன்றாவது மாதம் நான் ஞானியாகிவிட்டேன் போலிருக்கிறது. “ஆகட்டுங்க கண்ணு” என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் ஆபீசுக்கு வந்தபோது உங்களில் ஒருவர் தன் வேலையைப் பெருமையாகக் காட்டினார். ஒவ்வோர் ஆர்டருக்கும் ‘ஒப்புதல் ஆனதா’, ‘ரத்தானதா’, ‘அனுப்பியாயிற்றா’ என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள். ஓர் ஆர்டரில் மூன்றுக்குமே ‘ஆம்’ என்று இருந்தது. ஒப்புதலாகி, ரத்தாகி, அதற்கப்புறமும் மனம் தளராமல் கிளம்பிப் போன ஆர்டர். இப்படி ஒன்று உலகத்தில் எங்கே இருக்கிறது தம்பி என்று கேட்டேன். “டேட்டாபேஸ்ல இருக்குதுங்க மேடம்” என்றார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு விஷயம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அங்கிருந்து எந்த நிலைக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது. வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குப் பாதி வேலை இதுதான். மூன்று கட்டம் போட்டுக் குழப்புகிற ரகம் இல்லை நான். ஒரே ஒரு ‘ஸ்டேட்டஸ்’, அதற்குத் தெளிவான படிகள், படி தாண்டினால் சிஸ்டம் விடாது. அவ்வளவு சுத்தமாகச் செய்பவள். அந்தச் சுத்தத்தால் ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டச் சாகக் கொடுத்திருப்பேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கோயம்புத்தூரில் இரத்தம் கொடுப்பவர்களை ஒருங்கிணைக்கும் ஒரு சின்ன அமைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போன் செய்து இந்த வகை இரத்தம் வேண்டும் என்றால், தங்களிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பி வைப்பார்கள். அவர்களுக்கு ஒரு சாப்ட்வேர் இலவசமாகச் செய்து தருவதாக நம் கம்பெனி வாக்குக் கொடுத்தது. சமூக சேவை என்றால் நம் கம்பெனியில் என்ன அர்த்தம் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் யாரோ, அவர் தலையில் விழும். அப்போது சும்மா உட்கார்ந்திருந்தவள் நான்.

அங்கே போன் வேலை பார்த்தது ஓர் அக்கா. பேர் வேண்டாம், படித்தால் கூச்சப்படுவார். பத்து வருடமாக ஒரு நீள நோட்டும் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு மொத்த வேலையையும் நடத்தி வந்தார். யாரைக் கூப்பிட்டாலும், அவர் என்ன சொன்னாரோ அதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதுவார். ‘பொழுதோட வாரேன்னாரு.’ ‘சம்சாரத்துகிட்டக் கேட்டுச் சொல்றாராம்.’ ‘கண்டிப்பா வந்தர்றேன்னாரு, சிரிச்சாரு.’ சிரித்ததை எல்லாம் எதற்கு எழுதுகிறார் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. பாவம், படிக்காதவர் என்று நினைத்தேன். படித்தவள் நான் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

கூப்பிட்ட ஆளுக்கு இரண்டே நிலை: ‘சம்மதித்தார்’, ‘மறுத்தார்’. இரண்டு பட்டன், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. தேவையான அளவுக்கு ஆட்கள் சம்மதித்ததும் கோரிக்கை தானாகவே ‘ஏற்பாடானது’ என்ற நிலைக்குப் போய், பட்டியலை விட்டு மறைந்துவிடும். ஒருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டபின் இன்னொருவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா? ‘ஏற்பாடானது’ ஆனபின் பின்னால் வர வழி கிடையாது. மறுத்தவரின் எண் அன்று முழுக்கத் திரையில் தெரியாது, அவர் மனம் நோகக் கூடாதே. அழைப்புகள் ஒரு பொது எண்ணிலிருந்து போகும், அதற்கு யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. எவ்வளவு நாகரிகம் பாருங்கள்! இதை மீட்டிங்கில் விளக்கியபோது நம் மேனேஜர் கை தட்டினார். அவர் எதற்கும் கை தட்டுவார் என்பது வேறு விஷயம்.

அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, நடுவுல இன்னொரு பட்டன் வெக்கலாமுங்களா?”

“எதுக்குங்க அக்கா?”

“இந்த ‘ஆகட்டுங்க’ன்னு சொல்றவீங்களுக்குங்க.”

“ஆகட்டுங்கன்னா சம்மதம்தானுங்களே. பச்சைய அமுக்குங்க.”

“அதுல நாலஞ்சு விதம் இருக்குதுங்களே.”

“விதமெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க அக்கா. வருவாரு, வரமாட்டாரு. ரெண்டுல ஒண்ணுதானுங்க” என்றேன். கூடவே, இனிமேல் நோட்டு வேண்டாம், எல்லாவற்றையும் சிஸ்டத்திலேயே போட்டால் போதும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன்.

“ஆகட்டுங்க அம்மணி” என்றார்.

சம்மதித்தார் என்று மனதுக்குள் பச்சையை அமுக்கிக்கொண்டேன்.

கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பாதிப் பேர் வெளியூர். எங்கள் பக்கத்தில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார்கள். அது நாக்கிலேயே வராது. கல்யாணத்துக்கு வரமுடியாதவர் “வராம இருப்பனுங்களா” என்பார். இடம் விற்க மனமில்லாதவர் “பாத்துக்கலாமுங்க” என்பார். கேட்டவரும் மரியாதையாகப் புரிந்துகொண்டு போய்விடுவார், மனக்கசப்பே கிடையாது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவள் நான். ஒவ்வொரு வாரமும் மேனேஜரிடம் “ஆகட்டுங்க சார், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சர்றனுங்க” என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டியவள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது.

சாப்ட்வேர் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம், ஒரு நாள் காலை. எல்லாம் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனதாகச் சொல்லிக்கொண்டு, பாராட்டு வாங்கத்தான் அங்கே போயிருந்தேன். பத்தரை மணிக்குப் பெருந்துறைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன். முந்தின நாள் குழந்தை பெற்ற பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. மருந்தில் கொஞ்சம் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள், ஆனால் சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். பி நெகடிவ். கைவசம் இருந்ததை ஏற்றியாயிற்று, ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு யூனிட் வேண்டும். அது வராமல் கத்தி வைக்க டாக்டருக்குத் தைரியம் இல்லை. பேசியது அந்தப் பெண்ணின் கணவர், தறி ஓட்டுகிறவர். அவருடைய இரத்தம் வேறு வகை.

அன்று போனில் அக்காவோடு இன்னொரு அம்மாளும் இருந்தார். கணவர் வேலை மாற்றலாகி வந்ததால் சென்னையிலிருந்து வந்தவர், சேவை செய்ய வந்த நல்ல மனுஷி. பட்டியலில் பி நெகடிவ் ஆட்களே நாலைந்து பேர்தான். முதல் ஆள் பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரம். சென்னை அம்மாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

அந்த ஆள் சிடுசிடுத்தார். “என்னங்க இது, சிப்ட் நடுவுல கூப்பிட்டு இப்படிச் சொன்னா எப்படீங்க? வேலையப் போட்டுப்போட்டு வரோணும்னா மேல ஒரு வார்த்தை கேக்கோணும். சாப்பிட்டுப்போட்டு வரோணுமா, வெறும் வகுத்தோட வரோணுமா?”

“பரவால்ல சார், உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம். சாரி ஃபார் தி டிஸ்டர்பன்ஸ்” என்று சென்னை அம்மாள் மிகவும் பண்பாகப் போனை வைத்தார். சிவப்பு பட்டன். மறுத்தார். எண் மறைந்தது.

அடுத்த இருவர் எடுக்கவில்லை. நாலாவது, பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் வியாபாரி. அவரை அக்கா ஸ்பீக்கரில் கூப்பிட்டார். அவர் பேச்சைக் கேட்கவேண்டுமே, தேன்தான். “அடடா, பச்சப் புள்ளைக்காரீங்களா! கண்டிப்பா வந்தர்றனுங்க அக்கா. இதுக்குக்கூட வரலைன்னா அப்பறம் என்ன மனுசனுங்க?” அக்கா போனை வைத்துவிட்டுத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பச்சையை அமுக்கினார். கோரிக்கை ‘ஏற்பாடானது’ என்று மின்னி மறைந்தது. பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு அந்தக் கணவர் மறுபடி கூப்பிட்டார். சென்னை அம்மாள் எடுத்தார். திரையில் தேடினார், கோரிக்கையே இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் மறைத்து வைத்திருக்கிறேனே. பழைய பதிவுகளில் தேடிக் கண்டுபிடித்து, நிம்மதியாகச் சொன்னார்: “ஏற்பாடு ஆயிடுச்சுன்னு காட்டுது சார்.”

“எங்கீங்க ஆயிருக்குது?” என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். “இங்க ஆரும் வரலீங்களே. நான் வாசல்லயேதானுங்க நிக்கறேன்.”

சென்னை அம்மாள் என்னைப் பார்த்தார். பொள்ளாச்சிக்காரரைக் கூப்பிட்டோம். “பொறப்பட்டுட்டே இருக்கறனுங்க, வண்டிகிட்டத்தான் நிக்கறேன்” என்றார். பின்னால் மாட்டுச் சந்தையில் யாரோ விலை பேசும் சத்தமும் கழுத்து மணிச் சத்தமும் கேட்டன. பொள்ளாச்சியிலிருந்து அந்த நிமிடமே கிளம்பினாலும் பெருந்துறை வந்து சேர மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். அவர் கிளம்பப் போவதில்லை என்பது அந்த மாட்டுக்கே தெரிந்திருக்கும்.

இந்த நேரத்தில் ஒரு சாப்ட்வேர் மேதை என்ன செய்வாள்? லேப்டாப்பைத் திறந்தேன். கோரிக்கையை ‘தேடுகிறோம்’ என்ற நிலைக்குப் பின்னால் கொண்டு வர வேண்டும். வழி இல்லை, நான்தான் அடைத்திருக்கிறேன். சர்வருக்குள் போய் நேரடியாக மாற்றலாம், அதற்கு ஆபீசில் ஒருவரிடம் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு உயிர் அங்கே ஊசலாட, நான் திரையில் ஒரு வார்த்தையை மாற்றப் பத்து நிமிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் அவமானமாக இருக்கிறது. அந்த வார்த்தை மாறியிருந்தாலும் ஒரு சொட்டு இரத்தம் வந்திருக்காது.

“அம்மணி, அந்த டப்பாவ மூடுங்க. மொதல்ல ஆளப் புடிப்போமுங்க” என்றார் அக்கா. மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே நீள நோட்டு. அன்றைய தேதி வரைக்கும் எழுதியிருந்தது.

“நோட்டு வேண்டாம்னு சொன்னனேங்க அக்கா. நீங்களும் ஆகட்டும்னீங்களே” என்றேன்.

“ஆமாங்க, சொன்னனுங்க” என்றார். அவ்வளவுதான். அவருடைய ‘ஆகட்டுங்க’ அந்த நாலஞ்சு விதத்தில் எந்த விதம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நோட்டில் பொள்ளாச்சிக்காரர் பேருக்கு நேரே அவர் சொன்னது அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சுழி. வரமாட்டார் என்று அர்த்தமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தெரிஞ்சே எதுக்குங்க அக்கா பச்சைய அமுக்குனீங்க?”

“ரெண்டுதானுங்களே வெச்சிருக்கறீங்க. அந்த மனுசன் மறுக்கலீங்களே அம்மணி. நல்ல வார்த்தை சொன்னவர மறுத்தாருன்னு எப்படீங்க போடறது?”



அக்கா விரலை மேலே நகர்த்தினார். பெருந்துறை ஃபோர்மேன். ‘சாப்பிட்டுப்போட்டு வரோணுமா, வெறும் வகுத்தோட வரோணுமா? மேல கேக்கோணும்.’ ஸ்பீக்கரில் கேட்டதை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் சுழி இல்லை.

“இவரக் கூப்பிடலாமுங்க.”

“அவரு மறுத்துட்டாருங்களே. மறுத்தவரத் தொந்தரவு செய்யக் கூடாதுங்க அக்கா, அது முறை இல்லீங்க” என்றேன். அந்த நிலையிலும் என் விதி எனக்குப் பெரிது.

“வராதவன் எதுக்குங்க சோறு திங்கறதப் பத்திக் கேக்கறான்?” என்றார் அக்கா. “மழுப்பறவன் தேனாப் பேசுவான். வர்றவன்தானுங்க சலிச்சுக்குவான்.”

இதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. அக்காவை நம்புவதா, நான் எழுதிய சிஸ்டத்தை நம்புவதா என்று முடிவு செய்யவேண்டிய இடம். நோட்டில் இருந்த எண்ணைப் பார்த்து, என் சொந்த போனிலிருந்து நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஏனுங்க, என்ன ஆளுங்க நீங்கெல்லாம்? எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கறதுக்குள்ள அந்தம்மா வெச்சுப்போட்டாங்க. பர்மிசன் வாங்கிப்போட்டு, சாப்பிட்டுப்போட்டு, ஒரு மணி நேரமா கேட்ல உக்காந்திருக்கறேன். திரும்பக் கூப்பிட்டா இந்த எண்ணுக்கு அழைக்க முடியாதுங்குது!”

மன்னிப்புக் கேட்டு ஆஸ்பத்திரி பேரைச் சொன்னேன். “அட, இங்கதானுங்க இருக்குது” என்று வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அங்கே இருந்தார். பரிசோதனை எல்லாம் முடிந்து, மூன்றரைக்கு முன்னால் இரத்தம் தயாராகிவிட்டது. சிஸ்டத்தின்படி அவர் அன்றைக்கு மறுத்தவர். இரத்தம் கொடுத்தவர் சந்தையில் நின்றுகொண்டிருந்த பொள்ளாச்சிக்காரர். அவருக்குத் தானாக ஒரு நன்றிக் குறுஞ்செய்தியும் போயிருந்தது, அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் சாப்ட்வேர் முழுவதையும் இடித்துக் கட்டினேன். சம்மதித்தார், மறுத்தார் இரண்டையும் தூக்கிவிட்டேன். அவை ஆள் சொன்னதை வைத்து நாம் செய்த ஊகம், நடந்த காரியம் அல்ல. புதிய நிலைகள் எல்லாம் யாராவது கண்ணால் பார்க்கக்கூடியவை: பேசினோம், கிளம்பிவிட்டார், வந்து சேர்ந்தார், கொடுத்துவிட்டார். கிளம்பியவர் குறித்த நேரத்தில் வந்து சேரவில்லை என்றால் கோரிக்கை தானாகவே ‘தேடுகிறோம்’ என்று திரும்பி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் சொல்லி மாற்றினோம் என்று பதிவு இருக்கும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத ஓர் இடம். அக்கா கேட்ட நடு பட்டனும் வைத்தேன், அதில் ‘ஆகட்டுங்க’ என்றே எழுதியிருக்கும். அதை அமுக்கினால் எந்த நிலையும் மாறாது, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லும். மேனேஜர் இதற்கும் கை தட்டினார். அக்கா நோட்டை விட்டாரா என்று கேட்காதீர்கள். விட்டுவிடுவதாகத்தான் சொன்னார்.

எச்.ஆர். பெண் கேட்ட ஐந்து பாடங்களைக் காணோமே என்று தேடுவீர்கள். அவளும் இந்த ஊர்க்காரிதான், நான் சொன்ன பதிலைப் புரிந்துகொண்டிருப்பாள்.

ஆனால் கோரிக்கையை மூடுகிற பட்டன் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை நான் அக்காவிடம் கற்கவில்லை. அதை அன்றைக்கே அந்தக் கணவரிடம் கற்றுக்கொண்டேன். மூன்றரை மணிக்கு என் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றார். எனக்குத்தான் எதையும் மூடாமல் இருக்க முடியாதே.

“அப்ப முடிஞ்சுதுன்னு நோட்டுல போட்டுக்கறனுங்க” என்றேன்.

“போட்டுராதீங்க அம்மணி” என்றார். “மத்தியானம் அப்படித்தானுங்க ஆயிருச்சுன்னீங்க. அவ கண்ணு முழிச்சு, கொழந்தைய ஒருக்கா பாக்கட்டுமுங்க. நானே கூப்பிட்டுச் சொல்றனுங்க.”

ஆகட்டுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, “நீங்க சொல்ற வரைக்கும் போடமாட்டனுங்க” என்றேன்.

மறுநாள் காலை அவசர அவசரமாக ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதைச் சமாதானப்படுத்தும் ஒரு பெண் குரல், ரொம்பப் பலவீனமாக.

“கேக்குதுங்களா அம்மணி?” என்றார் அவர். “இப்பப் போட்டுக்குங்க.”